ஏர்பிரஷ் வாங்கினால் போதுமா?

நவராத்திரி நெருங்கினால் பரணில் இருந்து பெட்டிகள் இறங்கும். பழைய வேட்டித் துணியில் சுற்றிவைத்த பொம்மைகளைப் பிரித்துப் பார்த்தால், செட்டியார் பொம்மையின் தலைப்பாகையில் பெயின்ட் உதிர்ந்திருக்கும். தசாவதார செட்டில் ஒருவருக்கு நிறம் மங்கியிருக்கும். அதே வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை, கொலுப் படிக்குக் கீழே போடும் பார்க்குக்காக ஒரு குட்டி விமானத்தையோ ரயில் இன்ஜினையோ ஒட்டிக்கொண்டிருக்கும். பாட்டிக்கும் பேரனுக்கும் தேவை ஒன்றுதான்: பிரஷ் போன தடம் தெரியாமல், சீராகப் படிகிற பெயின்ட்.

அதற்குத்தான் ஏர்பிரஷ். ஒரு காலத்தில் தேடி அலைய வேண்டிய பொருள். இன்று போனில் நான்கு தட்டு தட்டினால் வீட்டுக்கு வந்துவிடுகிறது. வந்த வேகத்திலேயே அது மூலைக்கும் போய்விடுவதுதான் வருத்தம். நவராத்திரிக்கு வாங்கியது பொங்கலுக்குள் அடைத்துக்கொள்ளும். ‘மட்டமான சரக்கு’ என்று கருவியின் மேல் பழி விழும். உண்மையில் ஏர்பிரஷ் வேலை செய்யும்போது கெடுவது குறைவு. வேலை முடிந்து கழுவாமல் வைத்த நேரத்தில்தான் பெரும்பாலும் கெடுகிறது. ஆகவே எதை வாங்குவது என்பதோடு, தினமும் கழுவ மனம் இருக்கிறதா என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

தென்னேரியின் இரு பக்கம்

வாலாஜாபாத்துக்குப் பக்கத்தில், பெரிய ஏரியால் பெயர் பெற்ற ஊர் தென்னேரி. அங்கிருந்து மேற்கே போனால் காஞ்சிபுரத்துப் பட்டுத் தறிகள். கிழக்கே போனால் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துக் கார் தொழிற்சாலைகள். ஏர்பிரஷ் வாங்க நினைக்கும் வீட்டுக்கு இரண்டு பக்கத்திலும் பாடம் இருக்கிறது.

கார் தொழிற்சாலையில் பெயின்ட்டைக் காற்றோடு கலந்து, பனித்துளியைவிடச் சின்னத் துளிகளாக உடைத்துத் தெளிக்கிறார்கள். ரோட்டோர ஷெட்டில் பெயின்டர் கையில் இருக்கும் ஸ்ப்ரே கன்னும் அதே வேலையைத்தான் செய்கிறது. அந்தக் கன்னின் தம்பிதான் ஏர்பிரஷ். பேனா அளவில் கையில் அடங்கும். தறியின் பாடம் வேறு. அறுந்த இழையை அப்போதே முடிந்துவிட்டுத்தான் நெசவாளர் அடுத்த ஊடையைப் போடுவார். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் புடவையில் அது பழுதாக நிற்கும். ஏர்பிரஷ்ஷும் அந்த ஜாதிதான். இன்றைய வேலையை இன்றே முடிக்கச் சொல்லும்.

காஞ்சிபுரத்தில் பொம்மைக்காரத் தெரு என்றே ஒரு தெரு உண்டு. களிமண்ணிலும் காகிதக் கூழிலும் கொலு பொம்மைகள் செய்யும் குடும்பங்களின் தெரு. 2019-ல் அத்திவரதர் 40 ஆண்டுகளுக்குப் பிறகு தரிசனம் தந்தபோது, அந்த வருடக் கொலுவில் அத்திவரதர் பொம்மையைத் தேடாத வீடு குறைவு. இப்போது பல ஊர்ப் பொம்மைப் பட்டறைகளில் உடம்புக்கும் உடைக்கும் அடிப்படை நிறத்தை ஸ்ப்ரேயில் அடிக்கிறார்கள். நகை, புருவம், கண் ஆகியவற்றைக் கையால் எழுதுகிறார்கள். வீட்டில் செய்கிறவர்களுக்கும் இந்தப் பங்கீடே சரி.

பெயின்ட்டை ஊதித் தெளிப்பது புதிய யோசனையும் இல்லை. குகைச் சுவரில் கையை வைத்து, அதைச் சுற்றி வண்ணத்தை ஊதிக் கை உருவம் பதித்தார்கள் ஆதி மனிதர்கள். கருவி வடிவம் பின்னால் வந்தது. 1870-களில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் அப்னர் பீலர் என்பவர் ஒன்றைச் செய்தார். 1890-களில் சார்லஸ் பர்டிக் செய்த கருவி, இன்று நாம் பார்க்கும் பேனா வடிவத்துக்கு நெருங்கி வந்தது. அடிப்படை அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றே. நடுவில் ஒரு மெல்லிய ஊசி. அதன் முனையைச் சுற்றி நாசில். அதைச் சுற்றிக் காற்று பாயும். பாயும் காற்று பெயின்ட்டை இழுத்துத் துளியாக உடைத்துக்கொண்டு போகும்.

எதை வாங்குவது?

கடையில் முதலில் கேட்க வேண்டியது, சிங்கிள் ஆக்‌ஷனா, டபுள் ஆக்‌ஷனா என்பது. சிங்கிள் ஆக்‌ஷனில் பட்டனை அழுத்தினால் காற்றும் பெயின்ட்டும் சேர்ந்தே வரும். எவ்வளவு பெயின்ட் என்பதைத் திருகு வைத்து முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். டபுள் ஆக்‌ஷனில் அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயின்ட். ஒரே விரல் இரண்டு வேலையைப் பழக ஒரு வாரம் ஆகும். பழகிவிட்டால் மயிரிழைக் கோட்டில் இருந்து உள்ளங்கை அகலம் வரை அதே கருவி போடும். மாடல் செய்பவருக்கு டபுள் ஆக்‌ஷன்தான் நல்லது. பொம்மைக்கு அடிப்படை நிறம் மட்டும் போதும் என்பவருக்கு சிங்கிள் ஆக்‌ஷன் போதும்.

அடுத்தது, பெயின்ட் எங்கே நிற்கிறது என்பது. மேலே கிண்ணம் இருந்தால் பெயின்ட் தானாக இறங்கும். குறைந்த காற்று போதும், சில துளி பெயின்ட்டிலும் வேலை நடக்கும், கழுவுவதும் சுலபம். கீழே பாட்டில் தொங்கும் வகையில் ஒரே நிறத்தை நிறைய அடிக்கலாம். பத்துப் பதினைந்து பொம்மைகளை ஒரே நாளில் அடிப்பவருக்கு அது வசதி. வீட்டில் முதல் கருவி என்றால் மேல்கிண்ணமே நல்லது.

மூன்றாவது, நாசிலின் அளவு. 0.2 மி.மீ. நாசில் நுண்ணிய கோட்டுக்கு. அடைத்துக்கொள்வதிலும் அதற்கே முதல் பரிசு. 0.5 மி.மீ. பிரைமருக்கும், தங்க வெள்ளி நிறங்களுக்கும், ஒரு அடி உயரப் பொம்மைக்கும். இரண்டுக்கும் நடுவில் 0.3 மி.மீ. ராணுவ டாங்கி, விமானம், கார் என்று 1/35, 1/48, 1/72, 1/24 அளவுகளில் வரும் மாடல்களுக்கு இது ஒன்றே பெரும்பாலும் போதும். ‘நுண்ணியது என்றால் உயர்ந்தது’ என்று நினைத்து 0.2 வாங்கியவர்கள்தான் சீக்கிரம் சலித்துப்போகிறார்கள்.

விலையைப் பொறுத்தவரை, பெயர் தெரியாத கருவிகள் ஆயிரம் இரண்டாயிரத்துக்கே கிடைக்கும். பெயர் பெற்ற ஜப்பான், ஜெர்மனி தயாரிப்புகள் அதைப் போலப் பல மடங்கு. கற்றுக்கொள்ள மலிவானது தவறில்லை. ஆனால் வாங்கும் முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: ஊசியும் நாசிலும் தனியாகக் கிடைக்குமா? இந்த இரண்டும் தேயும், வளையும், உடையும். மாற்றுப் பாகம் கிடைக்காத கருவி எவ்வளவு மலிவாக இருந்தாலும் முதல் விபத்தோடு அதன் ஆயுள் முடிந்தது.

கம்ப்ரஸரில் சிக்கனம் வேண்டாம்

கையில் இருக்கும் பணத்தைப் பிரிக்கும்போது பலர் கருவிக்கு அதிகமும் கம்ப்ரஸருக்குக் குறைவும் ஒதுக்குகிறார்கள். மாற்றிச் செய்வது நல்லது. நல்ல கம்ப்ரஸரோடு சுமாரான ஏர்பிரஷ் ஓரளவு வேலை தரும். விட்டு விட்டுக் காற்று வந்தால் எந்த உயர்ந்த கருவியும் சரியாகத் தெளிக்காது.

கம்ப்ரஸரில் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, சின்னதாகவாவது காற்றுத் தொட்டி. அது இருந்தால்தான் காற்று துடிக்காமல் ஒரே சீராக வரும். இரண்டு, அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க ரெகுலேட்டரும் அளவு காட்டும் மீட்டரும். பைக்கின் முன் டயருக்கு ஏறக்குறைய 25 பி.எஸ்.ஐ. காற்று அடிக்கிறோம். மாடலுக்கு 15 முதல் 20 போதும். பெரிய பொம்மைக்கு அடிப்படை நிறம் அடிக்க 25-க்கு மேல் வைக்கலாம். மூன்று, ஈரம் பிடிக்கும் ஃபில்டர்.

மூன்றாவதை நம் ஊரில் விடவே கூடாது. காற்றை அழுத்தினால் அதில் இருக்கும் ஈரம் தண்ணீராகப் பிரியும். ஐப்பசி கார்த்திகையில் குழித்தறியில் ஈரம் ஏறி நெசவு தடைப்படுவதைக் காஞ்சி வட்டாரம் நன்றாக அறியும். அதே ஈரம்தான் கம்ப்ரஸருக்குள்ளும் போகிறது. ஃபில்டர் இல்லாவிட்டால் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சொட்டுத் தண்ணீர் தெறித்து, ஒரு மணி நேர வேலையைக் கெடுத்துவிடும். வேலை முடிந்ததும் தொட்டியின் அடியில் இருக்கும் திருகைத் திறந்து, தேங்கிய தண்ணீரை வடித்துவிட வேண்டும். வடிக்காமல் விட்டால் தொட்டி உள்ளே துருப்பிடிக்கும்.

பஞ்சர் கடைக் கம்ப்ரஸரில் டியூப் மாட்டிக்கொள்ளலாமே என்று சிலருக்குத் தோன்றும். அந்தக் காற்றில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கலாம். அழுத்தமும் மிக அதிகம். ஃபில்டரும் ரெகுலேட்டரும் இல்லாமல் அதை ஏர்பிரஷ்ஷில் இணைக்கக் கூடாது.

பால் பதம்

பெயின்ட் எவ்வளவு நீர்க்க இருக்க வேண்டும்? சமையலில் கம்பிப் பதம், பாகுப் பதம் இருப்பது போல இதற்குப் பால் பதம். கிண்ணத்தின் உள்சுவரில் ஒரு துளி விட்டால் பால் போல வழிந்து இறங்க வேண்டும். சுவரில் மெல்லிய நிறம் மட்டும் மிஞ்ச வேண்டும். தயிர் போல ஒட்டி நின்றால் கெட்டி. நிறமே நிற்காமல் ஓடினால் தண்ணீர்.

ஒவ்வொரு பெயின்ட்டுக்கும் அதற்கு உரிய தின்னரையே சேர்ப்பது பாதுகாப்பு. தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயின்ட்டில் ஹார்டுவேர் கடைத் தின்னரை ஊற்றினால் திரிந்து கட்டியாகிவிடலாம். புதிய பெயின்ட் என்றால் முதலில் ஒரு மூடியில் இரண்டு துளி கலந்து பார்க்க வேண்டும். திரிந்தால் மூடியோடு போகும், கருவிக்குள் திரிந்தால் நாசிலோடு போகும். கைவினைக் கடை அக்ரிலிக் பாட்டிலைப் பயன்படுத்துவோர் அதை மெல்லிய நைலான் துணியில் வடிகட்டிவிட்டு ஊற்றலாம். சுவருக்கு அடிக்கும் பெயின்ட்டை நுண்ணிய நாசிலில் ஊற்றவே வேண்டாம்.

வெயில் காலத்தில் இன்னொரு தொல்லை. ஊசி முனையிலேயே பெயின்ட் காய்ந்து திட்டாக நிற்கும். காலை நேரத்தில் வேலை செய்வது, தலைக்கு மேல் ஓடும் ஃபேனை நிறுத்துவது, உலர்வதைத் தாமதப்படுத்தும் திரவம் ஓரிரு துளி சேர்ப்பது, அவ்வப்போது ஈரப் பஞ்சால் முனையைத் துடைப்பது ஆகியவை உதவும். மழை நாளில் லாக்கர் வகை பெயின்ட் அடித்தால் ஈரத்தால் மேலே வெள்ளைப் படலம் பூக்கலாம். அன்றைக்கு வேலையைத் தள்ளிப்போடுவதே புத்திசாலித்தனம்.

அடிக்கும் முறையில் ஒரே விதி. காற்று முதலில் வர வேண்டும், கடைசியில் நிற்க வேண்டும். பெயின்ட் நடுவில் மட்டும். கையை நகர்த்தத் தொடங்கிய பிறகே ட்ரிகரை இழுக்க வேண்டும். ஒரே தடவையில் மூடிவிட நினைக்காமல், மூன்று நான்கு மெல்லிய பூச்சாகக் கொடுத்தால் வழியாது.

பத்து நிமிடக் கழுவல்

நிறம் மாற்றும்போது மிச்சத்தைக் கொட்டி, கிண்ணத்தைத் துடைத்து, அந்த பெயின்ட்டுக்கு ஏற்ற தண்ணீரையோ கிளீனரையோ ஊற்றி, தெளிவாக வரும் வரை ஒரு பழைய பாட்டிலுக்குள் அடித்துவிட்டால் போதும். கறுப்பில் இருந்து மஞ்சளுக்குப் போவதைவிட, வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறத்தில் முடித்தால் கழுவல் பாதியாகக் குறையும்.

அன்றைய வேலை முடிந்தால் இன்னொரு படி. பின்பக்கத் திருகைத் தளர்த்தி, ஊசியை நேராகப் பின்னால் உருவி எடுக்க வேண்டும். கிளீனரில் நனைத்த மெல்லிய துணியால் தடித்த பக்கத்தில் இருந்து முனை நோக்கித் துடைக்க வேண்டும். முனையில் இருந்து மேலே துடைத்தால் விரலில் குத்தும், ஊசியும் வளையும். கிண்ணத்தின் அடியைப் பட்ஸால் துடைத்து, ஊசியை மெதுவாக உள்ளே தள்ளி, நாசிலில் தொட்டு நின்றதும் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் தள்ளினால் நாசில் பிளக்கும்.

நாசிலைத் தினமும் கழற்றத் தேவையில்லை. அடைத்துக்கொண்டால் மட்டும் கழற்றலாம். அரிசிமணியைவிடச் சின்னதாக இருக்கும் என்பதால், சிங்க்குக்கு மேல் வைத்துக் கழற்றினால் அத்தோடு விடைகொடுக்க வேண்டியதுதான். வெள்ளைத் தட்டு ஒன்றை அடியில் வைத்துக்கொள்ள வேண்டும். திரும்ப மாட்டும்போது விரல் நுனி பலமே போதும். இறுக்கித் திருகினால் கழுத்தில் உடையும். குண்டூசியை உள்ளே விட்டுக் குத்தவும் கூடாது. கிளீனரில் அரை மணி நேரம் ஊறவைத்துப் பஞ்சு நுனியாலோ மெல்லிய பிரஷ்ஷாலோ எடுக்கலாம்.

இரண்டு ‘கூடாது’கள் முக்கியமானவை. முழுக் கருவியையும் தின்னரில் ஊறப்போடக் கூடாது. உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் ஊதிக் கெட்டுவிடும். இறுகிய ட்ரிகருக்குத் தேங்காய் எண்ணெய் விடக் கூடாது. நம் வீடுகளில் எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து. ஆனால் ஏர்பிரஷ்ஷில் நாளாவட்டத்தில் பிசினாகிப் பிடிக்கும். பெயின்ட்டில் கலந்தால் மேல்பூச்சு ஒட்டாமல் குழி குழியாக விலகும். இதற்கென்று விற்கும் லூப்ரிகன்ட் ஒரு சின்ன பாட்டில் பல வருடம் வரும்.

கோளாறு சொல்லும் அடையாளம்

கருவியைப் பிரிக்கும் முன் அது என்ன சொல்கிறது என்று பார்த்தால் பாதி வேலை முடிந்தது.

கிண்ணத்தில் குமிழி வந்தால் நாசில் தளர்ந்திருக்கிறது, அடைத்திருக்கிறது அல்லது விரிசல் விட்டிருக்கிறது.

ட்ரிகரை இழுக்காமலே பெயின்ட் வந்தால் ஊசி நாசிலில் சரியாக உட்காரவில்லை.

தெளிப்பு ஒரு பக்கம் சாய்ந்தால் ஊசி முனை வளைந்திருக்கலாம். கண்ணாடியின் மேல் உருட்டிப் பார்த்தால் தெரியும்.

பூச்சு மணல் போலச் சொரசொரத்தால் தூரம் அதிகம் அல்லது பெயின்ட் கெட்டி.

சிலந்திக் கால் போலக் கிளை பிரிந்து ஓடினால் பெயின்ட் தண்ணீராக இருக்கிறது அல்லது கை மிக நெருக்கத்தில் இருக்கிறது.

பாட்டி பொம்மைக்கு முன் ஒரு நிமிடம்

புதிய மாடலில் தவறு நடந்தால் திரும்ப அடிக்கலாம். மூன்று தலைமுறைப் பொம்மையில் அது முடியாது. ஒரு கைபடப் போட்ட பழைய நிறமும், அந்த முகமும் ஒருமுறை மூடினால் திரும்பி வராது. மங்கியிருப்பது மட்டும் குறை என்றால் மெல்லிய உலர்ந்த பிரஷ்ஷால் தூசு தட்டி அப்படியே வைப்பது மேல். மரப்பாச்சிக்கு பெயின்ட்டே வேண்டாம். உதிர்ந்த இடம் பெரிதாக இருந்தால் அந்த இடத்தை மட்டும், சுற்றிலும் காகிதத்தால் மறைத்துக்கொண்டு தொடலாம். முகத்துக்கு அருகில் ஏர்பிரஷ்ஷைக் கொண்டுபோகாமல் இருப்பதே நல்லது.

களிமண், காகிதக் கூழ்ப் பொம்மைகள் தண்ணீர் பட்டால் ஊறும். அதனால் ஈரம் சொட்ட அடிக்காமல், தூசு படிவது போல மெல்லிய பூச்சாகக் கொடுத்து, இடையில் நன்றாகக் காயவிட வேண்டும்.

இன்னொன்று உடம்பைப் பற்றியது. வீட்டு உபயோக பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பொம்மைகளின் பூச்சில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. உப்புத்தாளால் தேய்த்துத் தூள் பறக்கவிடக் கூடாது. ஈயத் தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். உதிர்ந்த பெயின்ட்டை ஈரத் துணியால் ஒற்றி எடுத்துக் கவரில் கட்டிப் போட வேண்டும். பிறகு கையைக் கழுவ வேண்டும்.

மூச்சு முக்கியம்

ஏர்பிரஷ்ஷில் இருந்து வரும் துளி கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் நிற்கும். தண்ணீர் பெயின்ட்தானே என்று விட்டுவிடுகிறார்கள். தண்ணீர் ஆவியாகிவிடும், நிறத்தூள் நுரையீரலுக்குப் போகும். அக்ரிலிக்குக்கு என்-95 மாஸ்க் உதவும். லாக்கரும் தின்னரும் விடும் ஆவியை அது தடுக்காது. அதற்குக் கரி ஃபில்டர் வைத்த மாஸ்க் வேண்டும். ஜன்னல் திறந்திருக்க வேண்டும், காற்று வெளியே போக வேண்டும். பூஜை விளக்கும் கேஸ் அடுப்பும் எரியும் இடத்தில் தின்னர் பாட்டிலைத் திறக்கவே கூடாது. கழுவிய தின்னரை சிங்க்கில் ஊற்றாமல் மூடியுள்ள பாட்டிலில் சேர்த்துவைத்தால், கசடு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை அடுத்த கழுவலுக்குப் பயன்படுத்தலாம்.

முதல் முறை வாங்குவோருக்குக் கணக்கு சுலபம். 0.3 மி.மீ. மேல்கிண்ண டபுள் ஆக்‌ஷன் ஒன்று. தொட்டியும் ஃபில்டரும் உள்ள கம்ப்ரஸர். மாற்று ஊசியும் நாசிலும் ஒரு செட். மாஸ்க், கிளீனர், லூப்ரிகன்ட். முதல் பத்து நாள் பழைய செய்தித்தாளிலும் காலி பாட்டிலிலும் கோடும் புள்ளியும் போட்டுப் பழக வேண்டும். அந்தப் பத்து நாளும் கருவியைத் தினமும் கழுவிவைக்க முடிந்தவர், தயங்காமல் மாடலுக்குப் போகலாம். முடியாதவருக்கு நல்ல அணில் முடி பிரஷ் ஒன்று போதும். அழகான பொம்மைகள் பல தலைமுறையாக அதிலேயே உருவாகியிருக்கின்றன.